பொன்னேரி கடைவீதியும் பழவேற்காட்டுத் துறையும்

ஆந்திர மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து, பொன்னேரியை ஒட்டிக் கிழக்கே நடந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே சாலை வழியில் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஒரே ஆற்றின் கடைசித் துண்டில் அமைந்த இந்த இரண்டு ஊர்களும் நானூறு ஆண்டுகளில் இடம் மாற்றிக்கொண்டுவிட்டன. 1620 வாக்கில் கடல்வழி வந்த ஒருவர், பொருள் வாங்கவும் நல்லதாகச் சாப்பிடவும் நாலு விதமான மனிதர்களைப் பார்க்கவும் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தால், பழவேற்காட்டைத்தான் கைகாட்டியிருப்பார்கள். பொன்னேரி அப்போது வயலும் கோயிலுமாக உள்நாட்டில் கிடந்த ஊர். இன்று அந்தக் கேள்விக்குப் பதில் பொன்னேரி. பழவேற்காடு, பேருந்து திரும்பி நிற்கும் கடைசி நிறுத்தம்.

சந்தை என்றதும் இன்று நமக்குக் கடை வரிசைதான் நினைவுக்கு வரும். அன்றைய பழவேற்காட்டின் பெரிய வியாபாரம் கடையில் நடக்கவில்லை, கிடங்கில் நடந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர் இங்கே வந்து இறங்கினார்கள். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்று சொல்லப்படுகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைநகர் இதுதான். இங்கிருந்து போனது துணி: வண்ணம் தீட்டியது, கட்டம் போட்டது, முரட்டு ரகம், மெல்லிய ரகம். ஜாவாவுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் போய், அங்கே ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மிளகுக்கும் விலையாக அது மாறியது. மலாய்க்காரர்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட கைலி இன்றும் இந்த ஊரின் பெயரைத் திரித்து 'காயின் பெலிக்காட்' என்றே வழங்கப்படுகிறது.

அந்தத் துணியை நெய்தவர்கள் துறைமுகத்தில் இல்லை. உள்நாட்டுக் கிராமங்களில், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி, ஊர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் அதில் ஒரு பங்கை நெசவாளிக்குக் கொடுப்பார். மாதிரிக்கு ஒத்த துணி குறித்த காலத்தில் கிடங்குக்கு வந்தாக வேண்டும். முன்பணம் வாங்கிய கை வேறு யாருக்கும் நெய்து விற்க முடியாது. இந்த ஏற்பாட்டை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது பின்னால் வேறொரு வேடத்தில் வரும்.

இன்று பழவேற்காட்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் கைலி பெரும்பாலும் ஈரோட்டுப் பக்கமோ குடியாத்தமோ அனுப்பியது. உலகத்துக்குக் கட்டம்போட்ட துணி கொடுத்த துறையில், தனக்கு வேண்டிய ஒரு கைலிகூட நெய்யப்படுவதில்லை. தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் ஆற்றின் போக்கில் பின்னோக்கி, பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆரணிப் பேரூருக்குப் போக வேண்டும். அங்கே இன்னும் கைத்தறி இருக்கிறது.

கோட்டை இப்போது ஒரு மேடு. சுற்றிலும் தேங்கிய அகழி, மேலே முள். அதற்கு எதிரே உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. நுழைவாயிலின் இரு பக்கத்திலும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கப்பல்காரர்களும் வணிகர்களும் அவர்களுடைய மனைவி மக்களும், குலச் சின்னமும் டச்சு எழுத்தும் பொறித்த பலகைக் கற்களுக்கு அடியில் கிடக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கல் வேலையின் நேர்த்தியைப் புகழ்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். புகழத்தக்க நேர்த்திதான். ஆனால் துணியையும் வெடிமருந்தையும் ஏற்றிய அதே துறையில், பஞ்சத்தாலும் போராலும் நொடித்த குடும்பங்களின் ஆண் பெண் குழந்தைகளை அடிமைகளாக ஜாவாவின் படேவியாவுக்கு ஏற்றிய கப்பல்களும் நின்றன. அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. பழவேற்காட்டின் பழம்பெருமையைப் பேசுகிற கட்டுரைகள் இந்த ஒரு வரியை எப்போதும் மறந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, இடையில் திருப்பிக் கொடுத்து, 1825இல் ஊர் நிரந்தரமாக அவர்கள் கைக்கு வந்தது. அவர்களுக்குத் தெற்கே மதராஸ் இருந்தது. பழவேற்காடு துறைமுகமாகத் தேவைப்படவில்லை. மதராஸின் அடுப்புக்கு விறகு கொடுக்கும் ஊராகத் தேவைப்பட்டது.

அந்த விறகு போனது தண்ணீர் வழியில். 1806இல் தனியார் முயற்சியாக மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் பழவேற்காடு ஏரி வரையும் அதைத் தாண்டி ஆந்திரக் கரை வரையும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தில் கூலி வேலையாக நகருக்குள்ளும் தோண்டப்பட்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு, சவுக்கு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், உப்பு, நெல், கருவாடு எல்லாம் அதில் போயின. காற்று இசைந்தால் பாய் விரிப்பார்கள். இசையாவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்கள், இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். பேசின் பிரிட்ஜ் சேர நாள் கணக்காகும். சுமைக்குத் தகுந்த கூலி, பயணத்துக்குத் தகுந்த சோறு. படகிலேயே அடுப்பு, படகிலேயே தூக்கம்.

1965, 66 புயல்களுக்குப் பிறகு அந்த வழி எழுந்திருக்கவில்லை. இன்று எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆகாயத்தாமரையும் நகரக் கழிவும் சேர்ந்து கால்வாயை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டன. படகு நாள் கணக்கில் கடந்த தூரத்தைத் தெர்மாகோல் பெட்டிகள் ஏற்றிய வேன் இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. மீனுக்கு இது நல்லது. இழுத்த தோளுக்கும் நல்லது. ஆனால் அந்தக் கால்வாய் ஓடியவரை சென்னைக்கு வடக்கே வெள்ளம் வடிய ஒரு வழி இருந்தது என்பதை மழைக்காலம் தோறும் நினைக்க வேண்டியிருக்கிறது.

பொன்னேரியைப் பொன்னேரி ஆக்கியது ரயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து வடக்கே நெல்லூர்ப் பக்கம் போட்ட இருப்புப் பாதை, பழவேற்காட்டைத் தொடாமல் பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு போனது. நீர்வழி ஊர் ஒதுங்கியது, தண்டவாள ஊர் எழுந்தது. 1979இல் கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் வந்த பிறகு, பொன்னேரிக்காரர் காலையில் சென்னையில் வேலை பார்த்து ராத்திரி வீட்டுத் திண்ணையில் சாப்பிடலாம் என்றாயிற்று. 2021இல் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. தாலுகா அலுவலகம், நீதிமன்றம், அரசுக் கல்லூரி, மீன்வளக் கல்லூரி எல்லாம் இங்கேதான். பழவேற்காட்டு மீனவர் ஒரு சான்றிதழுக்கும் ஒரு பட்டாவுக்கும் பொன்னேரி வந்துதான் ஆக வேண்டும்.

கடைவீதியின் பெயர் ஹரிஹரன் பஜார். சித்திரை பிரம்மோற்சவத்தில் திருவாயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாள் கருட வாகனத்தில் வர, அகத்தீஸ்வரர் எதிரே வர, இருவரும் கடைவீதியில் சந்திப்பார்கள். மற்ற ஊர்களில் இரண்டு கோயில் உற்சவமும் ஒன்றை ஒன்று தொடாமல் தெரு மாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு, தானிய மண்டி வாசலில் நடக்கும் இந்தச் சந்திப்பு கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். முன்பெல்லாம் இந்தச் சந்திப்புக்கு அக்கம்பக்கத்துக் கிராமமெல்லாம் மாட்டுவண்டி கட்டி வரும். நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாதம். பித்தளைக் குடமும் மண்வெட்டியும் கயிறும் வெல்லமும் கல்யாணப் புடவையும் அப்போதே வாங்கியாகிவிடும். குப்பத்து ஆட்களும் வருவார்கள். அவர்களுக்கு அரிசி, வலை நூல், தாலிப் பொன் எல்லாம் பொன்னேரிதான். மளிகைக் கடையில் நீள வாக்கில் மடித்த பற்று நோட்டு இருக்கும். அதில் ஆளின் பெயரோடு குப்பத்தின் பெயரும் எழுதப்படும். மழைக்காலத்தில் கணக்கு ஏறும், இறால் பட்டால் இறங்கும்.

சந்திப்பு இன்றும் நடக்கிறது. சாமி வரும்போது மேலே கேபிள் ஒயரைக் கழியால் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் கூடவே போகிறார்கள். பித்தளைக் கடைகள் இருந்த வரிசையில் செல்போன் கடை, ரெடிமேட் கடை, அடகுக் கடை, பேக்கரி. எடை போட்டுக் காகிதத்தில் பொட்டலம் கட்டிய பருப்பு, பிளாஸ்டிக் உறையில் விலை அச்சடித்து வருகிறது. பற்று நோட்டின் இடத்தைக் க்யூஆர் அட்டை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, பணம் வந்ததும் வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறது. மீன்காரம்மாக்களின் அலுமினியத் தட்டிலும் அந்த அட்டை செதிலோடு ஒட்டிக் கிடக்கிறது. சில்லறைக்கு அலைந்த காலம் போனது. 'இறால் பட்டதும் தர்றேன்ணே' என்று சொல்லி ஐந்து கிலோ அரிசி வாங்கிப்போக அந்தப் பெட்டியிடம் வழி இல்லை. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், கூடைக்கு மேல் பயணச் செலவு என்ற ஒரு கணக்கு அந்த அம்மாக்களுக்கு மிச்சமாகியிருக்கிறது. லாபம் சிறியது, ஆனால் தினமும் வருவது.

கடன் மட்டும் போகவில்லை. மளிகைக் கடையிலிருந்து அது துறைக்கு இடம் மாறிவிட்டது. படகும் இயந்திரமும் வலையும் வாங்க வியாபாரி முன்பணம் தருகிறார். வாங்கியவர் பிடிக்கும் இறாலும் நண்டும் அவருக்கே போக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. பெரும்பாலும் வட்டி என்று ஒன்று எழுதப்படுவதில்லை. விலையிலேயே அது கழிந்துவிடுகிறது. கெல்டிரியா கோட்டைக் கணக்கப்பிள்ளை இன்று எழுந்து வந்தால் செல்போனையும் ஃபைபர் படகையும் கண்டு திகைப்பார். இந்தக் கணக்கைக் கண்டு திகைக்கமாட்டார். தறி இருந்த இடத்தில் வலை இருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். பழவேற்காட்டின் பெயரை நாக்கில் வைத்திருப்பவர்கள் இறாலுக்காகவும் நண்டுக்காகவும் வைத்திருக்கிறார்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஏரியில் வளர்ந்த இறாலுக்கு ஒரு இனிப்பு உண்டு. மடவை, கொடுவா, கிழங்கான், பால்மீன் எல்லாம் இங்கே நன்றாக இருக்கும். ஆனால் ஐஸும் ஏற்றுமதியும் வருவதற்கு முன் குப்பத்து வீட்டில் இறால் ஒரு விருந்துப் பண்டமே அல்ல. மிஞ்சியதைக் காயவைத்தார்கள். கேழ்வரகுக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு, பழைய சோற்றுக்குச் சுட்ட மீன், சோற்றுக்குக் கிடைத்த மீன். சேற்று நண்டு பிள்ளைகள் கம்பி விட்டுப் பிடித்து வரும் பண்டம். வேண்டிய அரிசி வாங்கக் காசில்லாத வீட்டில் உலகம் இன்று விலை கேட்டு மலைக்கும் நண்டு கொதித்தது. அதை வளம் என்று சொல்வதா வறுமை என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

அறுபது, எழுபதுகளில் ஜப்பானும் அமெரிக்காவும் இறால் வாங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. இறால் வீட்டுக்குள் வருவது குறைந்தது. இப்போது துறையில் நண்டு ஏலத்தைப் பார்த்தால் விளங்கும். பெரிய பச்சை நண்டின் இரண்டு கொடுக்கையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டும் கை நிமிரவே நிமிராது. வலது கை கயிற்றைச் சுற்ற, இடது காலின் கட்டைவிரல் நண்டின் ஓட்டை மண்ணோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஈரச் சாக்கு போர்த்தி, உயிரோடு சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர்ப் பக்கம் போகிறது. கொடுக்கு ஒடிந்தது, ஓடு மெலிந்தது, எடை குறைந்தது, இவைதான் உள்ளூர் அடுப்புக்கு. வார இறுதியில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களுக்காகக் கரையோரக் கடைகளில் மசாலா தடவிய மீனும் இறாலும் கண்ணெதிரே வறுபடுகின்றன. வறுக்கும் கைக்குக் கூலி கிடைக்கிறது. அந்தத் தட்டில் இருக்கும் பெரிய இறால் ஏரியில் பிடித்ததுதானா என்று யாரும் கேட்பதில்லை.

ஏரியில் யார் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு ஊர் ஒரு முறை வைத்திருந்தது. பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பஞ்சாயத்தில் பெயர் உள்ள ஆண்கள், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. வலியவன் வந்து இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. மனித இயல் ஆய்வாளர்கள் தேடி வந்து எழுதிய ஏற்பாடு இது, தகுந்த பாராட்டுதான். கூடவே சொல்ல வேண்டியது, பெண்ணுக்கு அதில் பெயர் இல்லை, இருளருக்கு இல்லை, பக்கத்துக் குப்பத்துக்கும் பல காலம் இல்லை. வெளியே நின்றவர்கள் கையால் பிடித்தார்கள். இருளர் பெண்கள் மார்பளவு, இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பொறுக்கி, பல்லில் கவ்விய ஓலைப் பறிக்குள் போடுவார்கள். வாய் திறந்தால் பறி போய்விடும் என்பதால் மணிக்கணக்கில் பேச்சே இராது. அது அன்று. இன்றும் அதே நீர், அதே முழங்கால். சில கைகளில் ஓலைப் பறி பிளாஸ்டிக் பையாகியிருக்கிறது. நானூறு ஆண்டுகளில் இவ்வளவு குறைவாக மாறிய தொழில் இந்தப் பக்கம் வேறு இல்லை.

பாடு இன்றும் இருக்கிறது. பங்கு கேட்பவர் பெருகிவிட்டார்கள், பங்கு போடும் ஏரி சுருங்கிவிட்டது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து, படகு ஓடிய இடத்தில் ஆள் நடக்கிறார். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும் காலத்தில் உப்பும் மீன் குஞ்சும் உள்ளே வருவதில்லை. முன்பு குப்பத்து ஆட்கள் சேர்ந்து மண்வெட்டியால் வெட்டித் திறந்தார்கள், பிறகு பொக்லைன் வைத்துத் திறந்தார்கள், அதன் பிறகு நிரந்தரமாகத் திறந்துவைக்க அரசு கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியது. தொண்ணூறுகளில் கரையெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தபோது, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லி, அவற்றைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் ஏரிக்கரை இன்று எப்படி இருந்திருக்கும் என்பதை வடக்கே நெல்லூர்ப் பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும்.

இரவு வாழ்க்கை என்பது நகரத்துக்காரர்களின் சொல். குப்பத்தில் இரவு வேலை நேரம். இறால் இருட்டில்தான் நகரும் என்பதால் ஏரியில் ராத்திரிதான் வலை. விளக்கு அணைந்த ஊரில் ஆண்கள் தண்ணீரில் இருப்பார்கள், பெண்கள் விடியலில் கூடையோடு துறையில் நிற்பார்கள். கொண்டாட்ட இரவு ஆண்டுக்குச் சில நாள்தான். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வாசித்து, கூத்து கட்டி, தீ மிதிப்பார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திரை விலகி, கட்டை கட்டிய துரியோதனன் குதித்து வர, பாய் விரித்து உட்கார்ந்த குழந்தைகள் பாதிக் கதையில் தூங்கிப்போய், படுகளத்துக்கு எழுப்பப்படுவார்கள். வயதுக்கு வந்த பெண்கள் விடிய விடிய ஊர்ப் பொதுவில் உட்கார்ந்திருக்க அனுமதி உள்ள ஒரே இரவும் அதுதான். பிறகு டூரிங் டாக்கீஸ் வந்தது. தரை டிக்கெட், மணல் குவித்து உயரம் கூட்டிக்கொள்ளும் வித்தை, ரீல் மாற்றும்போது முறுக்கு.

பொன்னேரியின் இன்றைய இரவு நிலையத்திலிருந்து தொடங்குகிறது. மின்சார ரயில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் டீக்கடையில் பால் பொங்குகிறது. பரோட்டாக் கல்லின் தாளம், ஃப்ரைடு ரைஸ் வண்டியின் கரண்டிச் சத்தம், கம்பியில் சுழலும் ஷவர்மா. 2003 கடைசியில் மதுக்கடையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு, ஊருக்கு ஊர் ஒரே பச்சைப் பலகை, ஒரே மூடும் நேரம். மீன் விற்ற காசு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஷிப்ட் பஸ் வந்து நிற்கிறது. அடையாள அட்டை கழுத்தில் தொங்க இறங்கும் பெண்கள், கடையில் நின்று முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டியை உதைத்துக் கிளம்புகிறார்கள். அவர்களுடைய பாட்டிகளுக்கு இரவில் வெளியே உட்காரக் கூத்து வேண்டியிருந்தது. கூத்து குறைந்ததற்கு நான் வருந்துகிறேன். இந்தப் பஸ் வந்ததற்கு அதைவிட அதிகம் மகிழ்கிறேன்.

பழவேற்காட்டுக்கு மட்டும் கிடைத்த ஒரு இரவுக் காட்சி உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1979 ஆகஸ்டில் முதல் எஸ்எல்வி ராக்கெட் கிளம்பியது. அது கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கிளம்பியது வென்றது. விறகு வெட்டிய காட்டிலிருந்து இப்போது நிலவுக்கே கலம் போகிறது. இரவில் ஏவும் நாளில் வானம் செம்மஞ்சளாக விரிந்து, ஏரியில் அதன் நிழல் விழுந்து, சற்றுத் தாமதமாக ஓசை வந்து சேரும். பள்ளிப் பிள்ளைகள் மாடியில் நின்று கைதட்டுவார்கள். அன்று கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு முன்பே வந்திருக்கும். நாடு கொண்டாடும் நாள் குப்பத்துக்கு வேலையில்லாத நாள்.

பார்க்க வருகிறவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? செம்பாறைக் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில், விரல் நீள ராமாயணச் சிற்பங்கள் உப்புக் காற்றில் முகம் தேய்ந்து வருகின்றன. பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல், கலங்கரை விளக்கம். அக்டோபருக்குப் பிறகு பூநாரைகள். படகில் போய் அவற்றைப் பார்ப்பது ஒரு காலத்தில் குப்பத்து இளைஞர்களுக்கு வருமானமாக இருந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. பனை ஓலை வேலை மட்டும் அமைதியாக வளர்ந்திருக்கிறது. பழவேற்காட்டு இஸ்லாமியப் பெண்கள் பின்னும் ஓலைப்பெட்டியில் ஒரு காலத்தில் கல்யாணப் பலகாரம் போனது. சாயம் ஏற்றிய குருத்தோலையில் இப்போது நகைப்பெட்டியும் பேனாக் கூடும் பின்னி, சென்னைக் கைவினைக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து, தன் பெயருக்குக் காசு வருவது அவர்களுடைய அம்மாக்களுக்குக் கிடைக்காதது.

2014 மத்திய பட்ஜெட்டில் பொன்னேரியின் பெயர் வாசிக்கப்பட்டது. சென்னை-பெங்களூரு தொழில் வழித்தடத்தில், ஆந்திரத்தின் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தின் தும்கூரு ஆகியவற்றோடு பொன்னேரியும் 'ஸ்மார்ட் சிட்டி' ஆகப்போகிறது என்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி சொன்னார். ஊரில் இனிப்பு கொடுத்தார்களோ இல்லையோ, மனை விலை ஏறியது. வயலுக்கு நடுவே கல் நட்டு, கொடி கட்டி, நகர்களுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த நகரம் இன்னும் வரவில்லை, கற்கள் இருக்கின்றன. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வரும்போதெல்லாம், பழவேற்காட்டுக் குப்பங்கள் கருப்புக் கொடி கட்டுகின்றன. கப்பலால் வாழ்ந்த ஊர் கப்பலை வேண்டாம் என்கிறது. அன்று கப்பல் ஏரிக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றது, சிறு படகுகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்றைய கப்பலுக்குக் கரையையே நகர்த்த வேண்டியிருக்கிறது, வித்தியாசம் அதுதான்.

பொன்னேரி மீன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் அதிகம். ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஐஸில் அடுக்கிய இறால் எல்லாத் தட்டிலும் கிடக்கும். அது வனாமி. 2009க்குப் பிறகு இந்தியாவில் பரவிய வளர்ப்பு ரகம், ஆந்திரப் பண்ணைகளிலிருந்து லாரியில் வருவது. விலையும் கட்டுப்படியாகும். இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஏரியின் இறால் வேண்டுமென்றால், பழக்கப்பட்ட மீன்காரம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கிடைத்தால் போன் பண்ணுவார்.